கஞ்சிப் பையின் வரலாறு

நோன்பு மாதத்தில் அஸர் தொழுகை முடிஞ்ச கையோட எங்கட பள்ளிவாசல் வளவில் ஒரு வரிசை நிற்கும். பெரிய கிடாரத்தில் கஞ்சி கொதிச்சு இறங்கியிருக்கும். வரிசையில் நிற்பது பெரும்பாலும் சின்னப் புள்ளைகள்தான். நாங்கள் சின்னவர்களாக நின்ற வரிசையில் எல்லோர் கையிலும் வாளியோ கேத்தலோ மூடி போட்ட சட்டியோ இருந்தது. இன்றைக்குப் பாதிப்பேர் வெறுங்கையோடு வருகிறார்கள். ஊத்துற காக்கா ஒரு பொலித்தீன் பையை விரித்து, ரெண்டு அகப்பை கஞ்சியை ஊற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார். சூட்டில் பை தொய்யும். தொய்ந்தால் அதற்கு வெளியே இன்னொரு பை.

போன நோன்பில் ஒருநாள் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எங்களுக்குள் ஒருவர் கேட்டார்: "இந்தச் சூட்டுல பையில இருந்து கஞ்சிக்கு என்ன இறங்கும்?"

எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். நம் நாட்டின் பொலித்தீன் சட்டங்களின் வரலாறு முழுவதையும் வாசித்தோம். அந்த வரலாற்றில் எங்கட கேள்விக்கு இடமே இல்லை என்பதுதான் நாங்கள் கண்டுபிடித்தது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இலையில் இருந்து ஷீட்டுக்கு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் இந்தக் கடற்கரையில் சாப்பாட்டைச் சுற்றிக் கொடுக்க ஒரு காலத்தில் இலைதான் இருந்தது. வயலுக்குப் போகிற சோறு வாழை இலையில் போகும். கடைச் சாமான் கடதாசிச் சரையில் வரும். மீன் உமலில் வரும். கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்தால், சாப்பிட்டு முடிய மிஞ்சுவது கழுவ வேண்டிய ஒரு தட்டு மட்டும்தான். எங்கட மூத்தம்மா ஒருவர் சொன்னார்: "சூடான சோத்த இலையில கட்டினா இலை மணக்கும் மனே. இப்ப கட்டுறதுல பேக்குத்தான் மணக்குது."

பழைய காலம் எல்லாமே சுத்தமானது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வடையும் கடலையும் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளில் அச்சு மை இருந்தது. அந்த மை எண்ணெயோடு சேர்ந்து சாப்பாட்டில் ஒட்டும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 இல் பத்திரிகைத் தாளில் உணவு சுற்ற வேண்டாம் என்று அறிவித்ததே இதற்காகத்தான். எங்கட ஊர் வடைக் கடைகளில் அந்தத் தாள் இன்னும் ஒழியவில்லை.

பொலித்தீன் பிறந்தது தற்செயலாக. 1933 மார்ச்சில் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வுகூடம் ஒன்றில், எதிலின் வாயுவைப் பெரிய அழுத்தத்தில் வைத்துப் பார்த்தபோது பாத்திரத்தின் அடியில் மெழுகு போல ஒரு வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது ராடார் கருவிகளின் கம்பிக்கு உறையானது. கைப்பிடியோடு ஒரே துண்டாக வரும் பையை வடிவமைத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாவ் துலின். அதற்கான அமெரிக்க உரிமம் 1965 இல் கிடைத்தது. நம் நாட்டில் 1977 க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் பிளாஸ்டிக் சாமான்கள் கடைகளை நிரப்பின. சொப்பிங் பேக், அதன் பின்னால் லஞ்ச் ஷீட், றெஜிபோம் பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

2004 டிசம்பர் 26 ஐயும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சுனாமியில் ஆகக் கூடுதலாக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அன்று இழந்தோம். கிணறுகளில் உப்புத் தண்ணி ஏறிக் கிடந்த அந்த நாட்களில் எங்கட ஆட்களை உயிரோடு வைத்திருந்தது போத்தல் தண்ணியும் பொலித்தீனில் சுற்றி வந்த சோத்துப் பார்சலும்தான். பிளாஸ்டிக்கைத் திட்டுகிற எவரும் அதை மறந்துவிட்டுத் திட்டக் கூடாது. ஆனால் அவசரத்துக்கு வந்தது அன்றாடத்துக்கும் தங்கிவிட்டது.

பார்சலுக்குள் என்ன நடக்கிறது?

பொலித்தீன் தன்னளவில் பெரிய நஞ்சல்ல. எதிலின் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோர்த்த நீண்ட சங்கிலி அது. லேசில் எதோடும் சேராது. பிரச்சினை அதோடு கூட வருகிறவைதான். நிறம், வெயிலில் வெடிக்காமல் இருக்கச் சேர்ப்பவை, வழுக்கவும் வளையவும் சேர்ப்பவை, அச்சு மை, தயாரிப்பின்போது மிஞ்சியவை என்று பல. இவை அந்தச் சங்கிலியோடு கட்டுப்பட்டு இருப்பதில்லை. இடையில் சும்மா ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. வழி கிடைத்தால் இறங்கிவிடும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த கறுப்புப் பையென்றால், அதன் முந்தைய பிறவி என்னவென்று விற்கிறவருக்கும் தெரியாது. 2024 மார்ச்சில் வெளிவந்த பிளாஸ்ட்கெம் என்ற சர்வதேச அறிக்கை, பிளாஸ்டிக்கோடு தொடர்புடைய இரசாயனங்கள் 16,000 க்கு மேல் என்று கணக்கெடுத்தது. அதில் 4,200 க்கு மேற்பட்டவை கவலைக்குரியவை.

இவை சாப்பாட்டுக்குள் இறங்க உதவுவது நான்கு: சூடு, கொழுப்பு, புளிப்பு, நேரம். இப்போது எங்கட சோத்துப் பார்சலை எடுத்துப் பாருங்கள். ஆவி பறக்கிற சோறு. தேங்காய்ப்பால் விட்ட கறி. புளி போட்ட மீன் ஆணம். காலை பத்து மணிக்குக் கட்டி மதியம் ஒன்றரைக்குப் பிரிக்கிற இடைவெளி. நான்கும் ஒரே ஷீட்டுக்குள். கஞ்சிப் பையும் இப்படித்தான். அஸருக்குக் கட்டினால் மஃரிபுக்குத்தான் திறக்கிறோம்.

இறங்குவது மிகச் சின்ன அளவு. ஒரு பார்சலால் யாரும் விழப் போவதில்லை. அதனால்தான் இதை யாரும் கவனிப்பதுமில்லை. ஆனால் சின்ன அளவுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பிஸ்பீனோல்-ஏ என்ற இரசாயனத்தை எடுத்துக்கொள்வோம். அது பெண் ஹோர்மோனைப் போல உடம்பில் வேலை செய்யும் என்பதை லண்டன் ஆய்வாளர் சார்ல்ஸ் டொட்ஸ் 1936 இலேயே காட்டிவிட்டார். அது தெரிந்த பிறகுதான், 1950 களில் இருந்து, அதே பொருளை வைத்துக் கடினமான பிளாஸ்டிக் போத்தலும் டின்களின் உட்பூச்சும் செய்யத் தொடங்கினார்கள். புள்ளைகளின் பால் போத்தலில் அதை ஐரோப்பா தடை செய்தது 2011 இல். 2023 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, ஒருவர் ஒருநாளைக்கு உட்கொள்ளலாம் என்று முன்பு சொன்ன அளவை 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில்தான் உணவைத் தொடும் பொருட்களில் அதற்கு முழுத் தடைக்கு ஐரோப்பா முடிவெடுத்தது. டொட்ஸின் ஆய்வில் இருந்து எண்ணினால் 88 வருசம். எங்கட வீடுகளில் கறிக்கு ஒன்றும் இல்லாத நாளில் உடைக்கிற டின் மீனின் உள்ளே தடவியிருக்கும் பூச்சு எது என்று டின்னில் எழுதியிருக்காது.

றெஜிபோம் பெட்டியின் மூலப்பொருள் ஸ்டைரீன். அதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018 இல் "அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது" என்ற வகைக்கு உயர்த்தியது. எண்ணெய் ஊறாத கடதாசிப் பெட்டிக்குப் பூசுகிற பிஎப்ஏஎஸ் என்ற இரசாயனக் குடும்பம் மண்ணிலும் உடம்பிலும் லேசில் அழியாது. டென்மார்க் 2020 இல் உணவுக் கடதாசியில் அதைத் தடை செய்தது. பிளாஸ்டிக்கை விட்டுக் கடதாசிக்கு மாறினால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

சட்டம் அளந்தது எதை?

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

2007 ஜனவரி முதல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீன் தடை செய்யப்பட்டது. இருபது மைக்ரோன் என்றால் ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. வடிகான்கள் அடைத்தன, மழை வெள்ளம் வடியவில்லை, நுளம்பு பெருகியது. அவைதான் அன்றைய கவலை.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் 2017 செப்டம்பர் 1 இல் இருந்து லஞ்ச் ஷீட், றெஜிபோம் உணவுப் பெட்டி, அடர்த்தி கூடிய பொலித்தீன் பை ஆகியவற்றுக்குத் தடை வந்தது. கூட்டங்களிலும் விழாக்களிலும் பொலித்தீன் அலங்காரம் கட்டுவதும், குப்பையோடு பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும் தடைக்குள் வந்தன.

2021 மார்ச் 31 இல் அடுத்த பட்டியல். பிளாஸ்டிக் தண்டுள்ள காது துடைக்கும் குச்சி, காற்றடைக்கும் விளையாட்டுச் சாமான், விவசாய இரசாயனம் அடைக்கும் பெட், பீவீசி கொள்கலன், 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சஷே பைக்கற். ஆனால் சஷேயில் ஒரு விதிவிலக்கு இருந்தது: உணவும் மருந்தும். ஷாம்பு சஷே கூடாது. சாப்பிடுகிற சாமான் அதே சஷேயில் வரலாம்.

2023 அக்டோபர் 1 இல் ஸ்ட்ரோ, கோப்பை, கரண்டி, பிளாஸ்டிக் மாலை ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் தடைப் பட்டியலில் ஏறியது. தலைப்பு, ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக். எங்கட வீடுகளில் அந்தத் தட்டை ஒருமுறையா பாவிக்கிறோம்? வருசக்கணக்கில் ஒவ்வொரு விடியலும் கொதிக்கிற ஆவியில் வேகுவது அது. அது குப்பைக்குப் போவதைப் பற்றி அந்தத் தலைப்பு பேசுகிறது. ஆவியில் அதிலிருந்து இடியப்பத்துக்கு என்ன போகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த நான்கு வருசங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விசயம் பிடிபட்டது. ஒவ்வொரு சட்டமும் பொலித்தீனைக் குப்பையாகத்தான் பார்த்தது. சாப்பாட்டைத் தொடும் பொருளாகப் பார்க்கவில்லை. தடிப்பை அளந்தது, வடிவத்தைப் பட்டியல் போட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அதனால்தான் தடைக்குப் பிறகு "உக்கும் ஷீட்" என்ற பெயரோடு வந்ததும் நாங்கள் நிம்மதியாகச் சோற்றைக் கட்டினோம். உக்குமா உக்காதா என்பது மண்ணைப் பற்றிய கேள்வி. வயிற்றைப் பற்றிய கேள்வி வேறு.

பள்ளக்காடு

குப்பைக் கேள்வியாவது தீர்ந்ததா? அட்டாளைச்சேனைக்கு மேற்கே காட்டோரமாக இருக்கிறது பள்ளக்காடு. நம் கடற்கரை ஊர்களின் குப்பை போய்ச் சேர்கிற இடம் அது. 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் அந்தப் பெயர் வந்தது. அதற்கு முந்திய எட்டு வருசங்களில் அங்கே குப்பை தின்ற சுமார் 20 யானைகள் இறந்திருந்தன. வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர்கள் வயிற்றில் கண்டது பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும்.

யானை பொலித்தீனை விரும்பியா தின்றது? அதில் ஒட்டியிருந்த சோற்றுக்கும் கறிக்கும் உப்புக்கும்தான் வந்தது. எங்கட பார்சலில் மிஞ்சியதைத் தேடி வந்தது. அந்தப் படங்களைப் பார்த்து நாங்கள் எல்லோரும் வருத்தப்பட்டோம், பகிர்ந்தோம். ஆனால் அதே ஷீட்டில் ஒட்டியிருந்த அதே சோற்றை முதலில் சாப்பிட்டது நாங்கள்தான் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

பள்ளக்காட்டுக்குப் போகாத குப்பை வளவுக்குள் எரிகிறது. அடுப்பு மூட்டக்கூட ஒரு பேக் துண்டைக் கொளுத்திப் போடுகிற பழக்கம் எங்கட வீடுகளில் இருக்கிறது. பீவீசி கலந்த குப்பை எரியும்போது டயொக்சின் உண்டாகும். அது மண்ணில் படியும், அந்த மண்ணைக் கிண்டுகிற கோழியின் முட்டைக்கு வரும். எரிக்கக் கூடாது என்று 2017 வர்த்தமானி சொல்லியும் பின்னேரமானால் புகை எழும்பத்தான் செய்கிறது.

பெயின்டில் முடிந்தது

இதெல்லாம் நம் நாட்டில் சரிவராது என்று சொல்பவர்களுக்காக இன்னொரு கதை. அதுவும் நம் நாட்டுக் கதைதான்.

ஈயம் புள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்கு இல்லை. இலங்கையில் பெற்றோலில் இருந்து ஈயம் 2002 இல் எடுக்கப்பட்டது. ஆனால் சுவரிலும் கதவிலும் விளையாட்டுச் சாமானிலும் பூசுகிற பெயின்டில் அது தொடர்ந்து இருந்தது. சுற்றாடல் நீதிக்கான நிலையம் என்ற அமைப்பு கடைகளில் பெயின்ட் வாங்கி ஆய்வுகூடத்தில் சோதித்தது. முடிவை வெளியிட்டது. உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2011 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி மூலம் எல்லை விதித்தது. விளையாட்டுச் சாமான்களின் பெயின்டுக்கும் சுவருக்கு அடிக்கும் இமல்ஷனுக்கும் பத்து லட்சத்தில் 90 பங்கு, எனாமலுக்கு 600 பங்கு. 2013 ஜனவரி 1 இல் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தில் மைக்ரோன் இல்லை. உள்ளே இருக்கும் நஞ்சுக்கு ஒரு இலக்கம் இருக்கிறது. இலக்கம் இருந்தால் யாரும் ஒரு டின் பெயின்டை வாங்கி, சோதித்து, "நீ மீறிவிட்டாய்" என்று சொல்லலாம். சட்டத்துக்குப் பிறகும் சில பெயின்ட்கள் எல்லை மீறியதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். லஞ்ச் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய் நாங்கள் என்ன சொல்வது? தடிப்பு சரியா என்று கேட்கலாம். அதற்கு மேல் எங்கட கையில் ஒன்றும் இல்லை.

உண்மையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் உணவு பொதி செய்யும் பொருட்களுக்கென்று 2010 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. பொதியில் இருந்து உடலுக்குக் கேடானது உணவுக்குள் போகக் கூடாது என்பதுதான் அவற்றின் சாரம். கடையில் காலாவதி பார்க்கிற பிஎச்ஐ மாரின் கையிலும் இதே உணவுச் சட்டம்தான் இருக்கிறது. ஆனால் மைக்ரோன் தடை எங்கட சந்தைக்கு வந்த மாதிரி இது வரவில்லை. எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் விசாரித்தோம். பொலித்தீன் தடை எல்லோருக்கும் தெரியும். பொதி ஒழுங்குவிதியை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. நாங்களும் இந்தக் கட்டுரைக்காகத் தேடும் வரை கேள்விப்பட்டிருக்கவில்லை.

அடுத்த நோன்புக்கு முன்

நாங்கள் செய்யப் போவது இரண்டு.

ஒன்று லேசானது. எங்கட மஹல்லாப் பள்ளிவாசலில் பேசி, பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்குத் தனி வரிசை, முதல் வரிசை கேட்கப் போகிறோம். பாத்திரம் இல்லாமல் வரும் புள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்தக் கஞ்சியை நம்பி நோன்பு திறக்கிற வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்காக மூடியுள்ள கொஞ்சம் எவர்சில்வர் வாளிகளைப் பள்ளியிலேயே வைக்கலாம். கொண்டு போய், அடுத்த நாள் கழுவிக் கொண்டு வரட்டும்.

மற்றது கொஞ்சம் மினக்கெடு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சுக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் விண்ணப்பம் எழுதுகிறோம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். கேள்விகள் மூன்று:

உணவுப் பொதி ஒழுங்குவிதிகளின் கீழ் இதுவரை எத்தனை லஞ்ச் ஷீட்களும் பைகளும் சோதிக்கப்பட்டன?

சூடான, எண்ணெய்த் தன்மையான உணவை வைத்துச் சோதித்தீர்களா?

கிழக்கு மாகாணக் கடைகளில் எடுத்த மாதிரி அதில் ஒன்றாவது இருக்கிறதா?

பதில் வந்ததும் அதை அப்படியே இங்கே போடுவோம். "சோதிக்கவில்லை" என்று வந்தாலும் போடுவோம். உங்கள் ஊரில் இருந்தும் இதே கேள்விகளை அனுப்புங்கள். கல்முனையில் இருந்து ஒரு கடிதம் போனால் ஒரு கோப்புக்குள் கிடக்கும். மருதமுனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எல்லா ஊரில் இருந்தும் போனால் யாராவது ஒருவர் ஒரு ஷீட்டை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டிவரும்.